துருவும் தேய்மானமும்

என் மேஜைமேல் சில மாதங்களாக ஒரு புகைப்படம் கிடக்கிறது. ஏதோ ஒரு பட்டறைப் பலகையின்மேல் இரண்டு இரும்பு நெம்புகோல்கள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கின்றன. இடப்பக்கம் இருப்பது துருவேறியது. ஓரங்கள் பொரிந்து, ஒரு முனையிலுள்ள துளை வட்டம் என்று சொல்ல முடியாதபடி நீண்டுவிட்டது. வலப்பக்கம் இருப்பது புதிது. கடைசல் யந்திரத்தின் கோடுகள் அதன்மேல் இன்னும் தெரிகின்றன. துளை வட்டமாக இருக்கிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் யூனிவர்ஸல் கேரியர் என்ற சங்கிலிப்பட்டை வண்டியின் ஸ்டியரிங் இணைப்புகளிலிருந்து கழற்றப்பட்டது பழையது. அதைப் பார்த்துச் செய்யப்பட்டது புதியது.

இந்த இரண்டில் எது அந்த வண்டியினுடையது?

கேள்வி எளிமையாகத்தான் எனக்கும் முதலில் பட்டது. பழையது வண்டியோடு இருந்தது, புதியது இனி இருக்கப் போவது என்று பதில் சொல்லித் தப்பித்துவிடலாம். ஆனால் புகைப்படத்தைப் பார்க்கப் பார்க்க, இந்தப் பதிலில் 'வண்டி' என்ற சொல்லை நான் இரண்டு அர்த்தங்களில் உபயோகித்திருக்கிறேன் என்று தெரிந்தது. இலக்கியப் பத்திரிகையில் இரும்புக்கு என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. மூலம், பிரதி, போலி என்ற சொற்களை நாம் நம் விமர்சனங்களில் வாரி இறைக்கிறோம். அவை ஒரு முறையாவது எடையுள்ள பொருளின்மேல் உரசிப் பார்க்கப்படட்டுமே.

முதலில் வண்டியைப் பற்றி. ப்ரென் என்ற இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்ததால் ப்ரென் கேரியர் என்றே பெரும்பாலும் அறியப்பட்ட இது டாங்கி அல்ல. மேலே மூடியில்லாத இரும்புப் பெட்டி. சுமார் 4 டன் எடை. நடுவில் 8 சிலிண்டர் ஃபோர்டு எஞ்சின். தகட்டின் கனம் 7 முதல் 10 மில்லிமீட்டர். துப்பாக்கியையும் அதன் ஆட்களையும் சுடுகளத்தின் ஓரம்வரை கொண்டுபோய் இறக்குவது இதன் பிரதான வேலை. 1930களின் நடுவில் விக்கர்ஸ் நிறுவனத்தின் சிறு கவச வண்டிகளிலிருந்து உருவம் பெற்று, பிரிட்டனிலும் பிற நாடுகளிலுமாகச் சுமார் 1,13,000 செய்யப்பட்டது. யுத்தம் முடிந்ததும் உபரிச் சாமானாக விற்றார்கள். விவசாயிகள் வாங்கிக் கவசத்தை வெட்டி எறிந்துவிட்டு டிராக்டராக ஓட்டினார்கள். அந்த உழைப்பும் தீர்ந்தபின் வேலியோரத்தில் மழைக்கு விட்டார்கள். இன்று மீட்டெடுக்கப்படும் கேரியர்களில் பல அப்படிக் கிடந்தவைதாம். இந்த விவரத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்; பிறகு தேவைப்படும்.

சங்கிலிப்பட்டையில் ஓடும் வண்டி பொதுவாகத் திரும்புவது ஒரு மறுப்பின் மூலம். இடப்பக்கம் திரும்ப வேண்டுமானால் இடப்பக்கத்துப் பட்டையைத் தடுத்து நிறுத்த வேண்டும், அல்லது அதன் வேகத்தைக் குறைக்க வேண்டும். வலப்பக்கம் தன்பாட்டில் ஓட, வண்டி தரையைக் கிழித்துக்கொண்டு சுழலும். வழி என்பது அங்கே இரு பக்கங்களுக்கிடையில் ஏற்படும் சண்டையின் விளைவு. கேரியர் இதற்கு ஒரு விலக்கு. இரு பக்கமும் முன்னாலுள்ள ஜோடிச் சக்கரங்களை ஒரு குறுக்குக் குழாய் இணைக்கிறது. வண்டியின் உடலுக்குள் இந்தக் குழாய் பக்கவாட்டில் நகரக்கூடியது. ஓட்டுபவன் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திருப்பினால் குழாய் ஒரு பக்கம் நகர்கிறது, சக்கரங்கள் அதனோடு போகின்றன, பட்டை வில்போல் லேசாக வளைகிறது. வளைந்த பட்டையின்மேல் வண்டியும் வளைந்து போகிறது. எந்தப் பக்கமும் தடுக்கப்படுவதில்லை. அதற்குமேலும் திருப்பினால்தான் பிரேக் வந்து ஒரு பக்கத்தைப் பிடிக்கும். ஒரே ஸ்டியரிங்கில் முதலில் இணக்கம், பிறகு பலாத்காரம். இரும்பை வைத்து இவ்வளவு நயமாக யோசித்தவர்கள் இதை எதற்காக யோசித்தார்கள் என்ற சங்கடமும் இந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

இவ்வளவு நயமான அமைப்பு நகர்வதையே நம்பியிருக்கிறது. குழாய் நகர வேண்டும், பின் சுழல வேண்டும், நெம்புகோல் ஆட வேண்டும். துரு முதலில் ஒழிப்பது இந்த நகர்வைத்தான். துரு இரும்பைத் தின்கிறது என்று நாம் சொல்வது பாதி உண்மை. துருவாகிப்போன இரும்பு, தான் இரும்பாக இருந்தபோது அடைத்த இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது, வீங்குகிறது. பின்னுக்கும் துளைக்கும் நடுவே தலைமயிர் அளவு இருந்த இடைவெளியை அது நிரப்பிவிட்டால், இரண்டு துண்டுகள் ஒரு துண்டாகிவிடுகின்றன. டீசலில் ஊறப்போட்டு, சூடு காட்டி, தட்டி, மறுபடி ஊறப்போட்டு, வாரக்கணக்கில் மன்றாடினால்தான் அவை பிரியும். சலவைச் சோடா கரைத்த நீரில் துண்டை மூழ்கவைத்து, பாட்டரியின் எதிர்முனையை அதில் இணைத்து மின்சாரம் செலுத்தித் துருவை உரிக்கும் முறையும் உண்டு. உரித்தபின் தெரிவது சில சமயம் உலோகம். சில சமயம் உலோகம் இருந்த இடம்.

என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது இதற்கு அடுத்த கட்டம். பழைய வரைபடம் கையில் இல்லாதவனுக்கு இந்தச் சிதைந்த துண்டுதான் வரைபடம். புதியதை எந்த அளவுக்குச் செய்வது? வெர்னியரை வைத்தால் ஓர் அளவு கிடைக்கிறது. அது நெம்புகோலின் இன்றைய அளவு. அதன்படி செய்தால் நாம் செய்வது நெம்புகோலை அல்ல, அதன் வியாதியை.

ஆகவே செய்பவன் சிதைவைப் படிக்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. சிதைவில் இரண்டு எழுத்துகள் இருக்கின்றன. துரு பாரபட்சமற்றது, ஈரம் எங்கே எட்டியதோ அங்கெல்லாம் எல்லாப் பக்கமும் அரிக்கும். தேய்மானம் பாரபட்சமுள்ளது. எந்தப் பக்கம் பாரம் விழுந்ததோ அந்தப் பக்கம் மட்டும் தேயும். எதிர்ப்பக்கம் செய்த நாளன்று இருந்தபடி இருக்கும். துளை நீள்வட்டமாவது அதனால்தான். நீள்வட்டத்தின் குறுகிய விட்டம் ஆரம்பத்தைச் சொல்கிறது, நீண்ட விட்டம் உழைப்பைச் சொல்கிறது. ஒரு வளையத்தின் அடியில், ஈரமும் எட்டாமல் உரசலும் இல்லாமல் ஓர் அங்குல அகலம் தப்பியிருந்தால் அது பொக்கிஷம். அங்கே மைக்ரோமீட்டர் 31.7 மில்லிமீட்டர் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். 31.7 என்று எந்த வரைபடக்காரனும் எழுதியிருக்க மாட்டான். அவன் அங்குலத்தில் சிந்தித்தவன். எழுதியது ஒன்றேகால் அங்குலம், அதாவது 31.75. அவனுடைய பழக்கம் தெரிந்தவனுக்கே இந்த ஊகம் சாத்தியம். ஏட்டில் பூச்சி தின்ற சீரை யாப்பின் பழக்கம் தெரிந்தவன் ஊகிப்பதும் இதே காரியம்தான். நம் பதிப்பாசிரியர்களில் நேர்மையானவர்கள் ஊகிக்க முடியாத இடத்தில் புள்ளிகளை வைத்துவிட்டு நகர்ந்தார்கள். பட்டறைக்காரனுக்கு அந்த வசதி இல்லை. புள்ளி வைத்த நெம்புகோலால் வண்டியைத் திருப்ப முடியாது. தெரியாத இடத்திலும் அவன் ஏதோ ஓர் அளவைச் செதுக்கியே ஆக வேண்டும். பிறகு அந்த ஊகம் மற்ற அளவுகளைப்போலவே பளபளக்கும்.

இன்னொரு விவரம். துண்டு வார்ப்பாக இருந்து, பழையதையே மணலில் பதித்து அச்செடுத்து உருக்கை ஊற்றினால், பழையதைப் போலவே ஒன்று கிடைக்கும் என்று நான் நினைத்திருந்தேன். கிடைக்காது. உருகிய உலோகம் குளிரும்போது சுருங்குகிறது. வார்ப்பிரும்பு நூற்றுக்கு ஏறத்தாழ 1 பங்கு, எஃகு சுமார் 2 பங்கு. 300 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகுத் துண்டு 6 மில்லிமீட்டர் குட்டையாகப் பிறக்கும். இதற்காகவே அச்சு மரம் செதுக்குபவர்கள் சாதாரண அளவுகோலைத் தொடுவதில்லை. சுருக்கத்தைக் கணக்கில் சேர்த்துச் சற்று நீட்டிக் கோடு போட்ட தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். பிரதியிலிருந்து பிரதி, அதிலிருந்து பிரதி என்று எடுத்துக்கொண்டே போனால் ஒவ்வொரு தலைமுறையும் சிறுக்கும். சரியான பிரதி வேண்டுமென்றால் அச்சு மூலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகும் விசுவாசம் மூலத்தைக் குறைத்துவிடுகிறது. தம் குருநாதரின் நடையை அச்சு மாறாமல் எழுதும் நம் கவிஞர்கள் சிலரின் ஞாபகம் எனக்கு வந்தது. பெயர்கள் வேண்டாம், வட்டம் சிறியது.

இப்போது தத்துவம். தீஸியஸின் கப்பலை யாரும் எதிர்பார்ப்பார்கள்: பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிய கப்பல் அதே கப்பல்தானா என்று ப்ளூடார்க் குறித்துவைத்த சர்ச்சை. கழற்றிய பழைய பலகைகளைச் சேர்த்து வேறொருவன் இரண்டாவது கப்பல் கட்டினால் எது தீஸியஸினுடையது என்று 17ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ் அதை இன்னும் முறுக்கினார். சாமர்த்தியமான புதிர்தான். ஆனால் இதில் பலகைகள் எல்லாம் ஊமைகள். எந்தப் பலகையும் எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. என் புகைப்படத்தின் இடப்பக்கத்து நெம்புகோல் ஊமையல்ல. ஆகவே இந்தப் புதிர் எனக்கு அதிகம் உதவவில்லை.

நெல்சன் குட்மன் 1968இல் எழுதிய 'கலையின் மொழிகள்' நூலில் செய்யும் பாகுபாடு உதவியது. சில கலைகளில் மூலம், போலி என்ற பேதத்துக்கு அர்த்தம் உண்டு, சிலவற்றில் இல்லை என்கிறார் அவர். ஓவியத்துக்கு உண்டு. அதே கை அதே நாளில் தீட்டியது என்ற சரித்திரத்திலிருந்து ஓவியத்தைப் பிரிக்க முடியாது. இசைக்கோவைக்கோ கவிதைக்கோ இல்லை. குறியீடுகள் சரியாக இருந்தால் ஒவ்வொரு பிரதியும் அதே கவிதைதான். கையெழுத்துப் பிரதி கவிதையின் அசல், அச்சுப் பிரதி போலி என்று யாரும் சொல்வதில்லை. இதன்படி கேரியர் எந்தப் பக்கம்? பிறந்தபோது அது கவிதையின் பக்கம். கனடாவில் செய்த வண்டியும் இங்கிலாந்தில் செய்த வண்டியும் ஒரே திட்டத்தின் வாசிப்புகள். களத்தில் பழுதானால் பக்கத்தில் சிதைந்து கிடந்த இன்னொரு வண்டியிலிருந்து துண்டைக் கழற்றிப் பூட்டிக்கொள்ளத்தான் அந்தத் திட்டமே. 1943இலேயே அதற்குத் தனக்கென்று ஓர் 'அசல் உடல்' கிடையாது. அப்படியானால் வலப்பக்கத்து நெம்புகோல் அதே கோவையின் இன்னொரு வாசிப்பு; 80 வருஷம் தாமதமான வாசிப்பு, அவ்வளவுதான். போலி என்ற சொல்லுக்கே இங்கே இடமில்லை.

இந்த முடிவு எனக்கு நிம்மதி அளித்தது. ஒரு வாரம் அந்த நிம்மதியோடு இருந்தேன். அதைக் கெடுத்தது என் பிழைப்பு.

நான் வங்கிக் குமாஸ்தா. காசோலையில் இருக்கும் கையெழுத்தை, கணக்குத் தொடங்கியபோது வாங்கிவைத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. முன்பு அட்டையில் இருந்தது, இப்போது திரையில் வருகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மாதாமாதம் வருவார். கை நடுக்கம். மாதிரியில் இருப்பது சுமார் 20 வருஷத்துக்கு முந்திய கையெழுத்து. ஒரே மூச்சில் போட்டது, கடைசி எழுத்தின் வால் அடிக்கோடாக ஓடி முடிகிறது. காசோலையில் இருந்தது எழுத்துகளின் இடிபாடு. விதிப்படி நான் அதை ஏற்க முடியாது. "சார், இன்னொரு தரம் போடுங்க" என்றேன். போட்டார். அதுவும் ஒத்துவரவில்லை. மூன்றாம் முறை அவர் பேனாவை வைத்துவிட்டு, "தம்பி, நான் முன்னே எப்படிப் போட்டிருக்கேன்னு ஒரு தரம் காட்டுங்க, அதைப் பார்த்துப் போட்டுடறேன்" என்றார்.

காட்டக்கூடாது என்பது விதி. காட்டியிருந்தால் அவர் தம் கையெழுத்தைத் தாமே போலி செய்திருப்பார். நானும் அதை அசல் என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். பயிற்சியுள்ள மோசடிக்காரன் ஒருவன் அந்தக் கவுண்ட்டரில் நின்றிருந்தால் அடிக்கோட்டின் வால் உட்பட மாதிரியை அச்சாகப் போட்டிருப்பான். மாதிரியோடு அதிகம் ஒத்துப்போவது பொய்யாகவும், ஒத்துப்போகாமல் சரிவது மெய்யாகவும் இருக்கக்கூடிய ஒரு நிலைமை எனக்கு முன்னால் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றுகொண்டிருந்தது. குட்மனின் பாகுபாட்டில் கையெழுத்து ஓவியத்தின் பக்கம்தான் சேரும். அதை நான் அறிவேன். ஆனால் வயதாக ஆக எல்லாப் பொருள்களும் அந்தப் பக்கமாகச் சாய்கின்றன என்பதை அவர் சொல்லவில்லை. திட்டத்தின் வாசிப்பாகப் பிறந்த நெம்புகோல், ஒரு குறிப்பிட்ட வண்டியில், குறிப்பிட்ட கைகளின் கீழ், குறிப்பிட்ட பக்கமாகத் தேய்ந்து தேய்ந்து, தன்னைப்போல் இன்னொன்று இல்லாத நிலைக்கு வந்துவிடுகிறது. அது இரண்டாம் முறை பிறந்துவிட்டது. புதியதால் பதிலிட முடிவது முதல் பிறவிக்கு மட்டும்தான்.

இங்கே நின்று, தேய்மானத்தைக் கும்பிடத் தொடங்கிவிடலாம். பழம்பொருள் பக்தர்கள் செய்வது அது. யுத்தத்தின் தழும்பு என்று ஒரு கீறலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் முன்பு ஞாபகத்தில் வைக்கச் சொன்ன விவரம் இந்தப் பக்தியைக் கொஞ்சம் தணிக்கும். விவசாயிகளிடம் போன கேரியரின் நெம்புகோலில் தெரியும் நீள்வட்டத்தில் எவ்வளவு பங்கு யுத்தம், எவ்வளவு பங்கு உருளைக்கிழங்குத் தோட்டம்? துப்பாக்கிச் சூட்டுக்கு அஞ்சி வெட்டித் திருப்பியதும், வரப்பு முடிந்து திருப்பியதும் இரும்புக்கு ஒரே பாரம். தேய்மானம் சாட்சி சொல்கிறது. ஆனால் எதைப் பற்றிய சாட்சி என்று அது சொல்வதில்லை. அதை நாம்தான் நிரப்புகிறோம். நிரப்பும்போது விவசாயியின் வருஷங்களைத் தள்ளிவிட்டுச் சிப்பாயின் மாதங்களை எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலான புனருத்தாரணங்களும் இதையே செய்கின்றன. வண்டியை 1943க்குத் திரும்பக் கொண்டுபோகிறார்கள். வெட்டிய கவசத்தை மறுபடி பற்றவைக்கிறார்கள். அது அமைதியில் வாழ்ந்த காலம், நடந்திராத மாதிரி, அழிக்கப்படுகிறது. ஒரு வண்டி டிராக்டராக உழைத்தது அதன் வரலாற்றில் ஏன் இழுக்காக வேண்டும்?

இந்த இடத்தில் முத்திரை விவகாரத்தைச் சொல்ல வேண்டும். பிரிட்டிஷ் ராணுவத்தின் சொத்துகளில் மேல்நோக்கிய அகன்ற அம்புக்குறி ஒன்று பொறிக்கப்படும். கனடாவில் செய்தவற்றில் ஆங்கிலத்தின் மூன்றாம் எழுத்துக்குள் அந்த அம்பு இருக்கும். ஃபோர்டு செய்த துண்டுகளில் அந்தக் கம்பெனியின் முதல் எழுத்து. பழைய துண்டில் இவை இருந்தால், புதியதிலும் பொறிக்க வேண்டுமா? அளவு, வடிவம், உலோகம் எல்லாவற்றிலும் பழையதைப் பின்பற்றியவன் இதில் மட்டும் ஏன் நிற்க வேண்டும் என்று கேட்கலாம். நிற்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். துளையின் விட்டம் ஒரு வேலையைச் செய்கிறது. அம்புக்குறி எந்த வேலையையும் செய்வதில்லை, ஒரு வாக்கியத்தைச் சொல்கிறது. 'என்னை இன்னார், இன்ன வருஷத்தில், இந்த அரசுக்காகப் பார்த்து ஏற்றுக்கொண்டார்கள்' என்கிறது. புதிய நெம்புகோலின்மேல் அந்த வாக்கியம் பொய். துளையைப் பின்பற்றுவது பிரதி. முத்திரையைப் பின்பற்றுவது மோசடி. இரண்டும் ஒரே பட்டறையில், ஒரே மேஜையில், ஒரே மாலையில் நடக்கலாம். செய்பவனின் கை இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் உழைக்கும்.

1964ஆம் வருஷத்து வெனிஸ் சாசனம் கட்டிடங்களின் புனருத்தாரணத்துக்கு இரண்டு நிபந்தனைகள் வைத்தது: ஊகம் தொடங்கும் இடத்தில் வேலை நிற்க வேண்டும், இல்லாமற் போனதற்குப் பதிலாகச் சேர்க்கப்படுவது முழுமையோடு இசைய வேண்டும், ஆனால் மூலத்திலிருந்து பிரித்து அறியக்கூடியதாகவும் இருக்க வேண்டும். இரண்டாவது நிபந்தனை எனக்கு உடன்பாடு. புதிய நெம்புகோலில் அதைச் செய்த வருஷத்தைக் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தில் சின்னதாகப் பொறித்தால் போதும். வண்டி அதனால் குறைந்துவிடாது. முதல் நிபந்தனை சுவருக்குப் பொருந்தும், ஸ்டியரிங்குக்குப் பொருந்தாது. இடிந்த சுவரைப் பாதியில் விடலாம். அதற்கும் ஒரு கண்ணியம் உண்டு. 4 டன் எடையுள்ள ஒன்றை, வேடிக்கை பார்க்கும் ஜனங்களுக்கு நடுவே, பாதி ஸ்டியரிங்கோடு ஓட்ட முடியாது. ஓட்டுவது என்று முடிவு செய்தபின் ஊகிக்காமல் இருக்கும் சுதந்திரம் பறிபோகிறது. விரிசல் கண்ட அசல் துண்டைப் பக்தியினால் பூட்டி ஓட்டுகிறவன் அசலுக்கு விசுவாசமாக இருக்கலாம். சாலையோரத்தில் நிற்கும் குழந்தைக்கு இல்லை. பழையதைவிட வலுவான எஃகில் செய்துவிடலாமே என்றால், அதுவும் அத்தனை சுலபமல்ல. ஒரு கண்ணியை வலுவாக்கினால் முறிவு அடுத்த கண்ணிக்குப் போகும். அடுத்தது 80 வருஷப் பழசாக இருக்கும்.

இனி நான் ஒத்திப்போட்ட சங்கடம். கவிதை எழுதும் நண்பர் ஒருவரிடம் இந்தப் புகைப்படத்தைக் காட்டினேன். "துருப்பிடிக்கட்டும், விடுங்கள். அது ஒன்றுதான் அந்த வண்டிக்கு நடந்த நல்ல காரியம்" என்றார். கொலைக் கருவி செயலற்றுப்போவதை இயற்கையின் தீர்ப்பாக அவர் பார்க்கிறார். இந்தப் பார்வையை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஸிமோன் வெய்ல், பிரான்ஸ் வீழ்ந்த 1940ஐ ஒட்டி, 'இலியத்' காவியத்தைப் பலத்தின் கவிதையாகப் படித்தார். பலம் தன்னிடம் அகப்பட்ட மனிதனைப் பொருளாக்கிவிடுகிறது என்பது அவர் வாதம். அப்படியானால் மனிதர்களைப் பொருளாக்கிய ஒரு பொருளுக்கு, மனிதனுக்குக் காட்டும் பரிவோடு எண்ணெய் தடவி, வாரக்கணக்கில் மன்றாடி, உயிரூட்டுவது என்ன காரியம்? ஆயிரத்தில் ஓர் அங்குலம் பிசகாமல் கடையும்போது அந்தத் துல்லியத்தின் சந்தோஷம், வண்டி எதற்காக இருந்தது என்ற பிரக்ஞையை மெல்ல மெல்லத் துடைத்துவிடாதா? துடைக்கும் என்றே நினைக்கிறேன். கைத்தொழிலின் சந்தோஷத்துக்கு அறம் கிடையாது. அதை நம் கலைஞர்கள் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். பட்டறைக்காரனாவது மறுக்காமல் இருக்கலாம்.

ஆனால் துரு நண்பர் நினைக்கும் சமாதானவாதி அல்ல. அது ஏர்க்கொழுவையும் இதே பசியோடுதான் தின்கிறது. தீர்ப்பு என்று நாம் அதன்மேல் ஏற்றுவது, தீர்ப்புச் சொல்ல வேண்டிய நம் பொறுப்பை மழையிடம் ஒப்படைப்பது. அதோடு, அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்தவர்களையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. 1941 ஜனவரி கடைசியில், சூடான் எல்லையைத் தாண்டி எத்தியோப்பியாவுக்குள் இத்தாலியப் படை பின்வாங்கிய வழியில், பிரேமிந்திர சிங் பகத் என்ற இளம் இந்திய அதிகாரி கேரியரில் முன்னால் போய்க் கண்ணிவெடிகளைக் கண்டுபிடித்து அகற்றச் செய்தார். 4 நாளில் 55 மைல், 15 கண்ணிவெடித் தளங்கள். இருமுறை அவர் இருந்த கேரியர் வெடித்துச் சிதறியது. அவருக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. சம்பவத்தைப் பதிவுசெய்யும் விருதுக் குறிப்பு, வெடிப்பில் 'மற்றவர்கள்' பலியானதையும் காயமுற்றதையும் ஒரு சொற்றொடரில் கடந்துபோகிறது. அந்த மற்றவர்களை நான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். அவர்களில் ஒருவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பான். கண்ணிவெடி எங்கே என்று தெரியாத பாதையில், வண்டியைக் கொஞ்சம் இடப்பக்கம், கொஞ்சம் வலப்பக்கம், பட்டையை வளைத்து வளைத்துச் செலுத்தியிருப்பான். கேரியர் என்ற அந்தப் பெரிய யந்திரத்தில் ஒரு மனிதனின் சித்தம் உள்ளே நுழைந்த இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இந்தக் குழாயும் நெம்புகோலும் பின்னும்தான். துப்பாக்கிக்குத் திசை சொல்வது கட்டளை. ஸ்டியரிங்குக்குத் திசை சொல்வது பெரும்பாலும் பயம்.

இதனால் கேரியர் புனிதமாகிவிடாது. பகத் கண்ணிவெடிகளை அகற்றிய அதே இன வண்டிகள்தாம் வேறு இடங்களில் இயந்திரத் துப்பாக்கியைச் சுமந்து போயின. நண்பரின் ஆட்சேபத்துக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால், துருப்பிடித்துக் கிடக்கும் கேரியரைப் பார்ப்பவனுக்கு யுத்தம் இயற்கைக் காட்சியாகிவிடுகிறது. புல் முளைத்திருக்கும், பறவை கூடு கட்டியிருக்கும், படம் எடுத்து நாட்காட்டியில் போடலாம். ஓடும் கேரியரின் பக்கத்தில் நிற்பவனுக்கு அதன் சத்தம் நெஞ்சில் அதிர்கிறது. தகடு எவ்வளவு மெல்லியது என்று கண்ணுக்குத் தெரிகிறது. மேலே மூடி இல்லை என்று தெரிகிறது. உட்கார்ந்திருந்தவனின் தலை எங்கே இருந்திருக்கும் என்று தெரிகிறது. இதைத் தெரியவைப்பதற்காகத்தான் எல்லோரும் மீட்டெடுக்கிறார்கள் என்று நான் நடிக்கவில்லை. பலருக்கு அது விளையாட்டு, சிலருக்கு வியாபாரம்.

ஆசிரியரின் காரியம் என்ன ஆயிற்று என்று சொல்லாமல் விட்டுவிட்டேன். புதிய மாதிரிக் கையெழுத்து பதிவுசெய்யப் படிவம் கொடுத்தேன். நடுங்கும் கையால் கட்டத்துக்குள் போட்டார். அதிகாரி ஒப்புதல் தந்தபின் திரையில் இப்போது வருவது அதுதான். பழைய மாதிரி ரத்து. அவரை இனி யாராவது ஏமாற்ற நினைத்தால் நடுங்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

புகைப்படத்துக்குத் திரும்புகிறேன். பழைய நெம்புகோலைக் குப்பையில் போட்டுவிடாமல், அளவெடுத்த குறிப்புகளோடு துணியில் சுற்றி வைத்தார்கள் என்றால் எனக்குத் திருப்தி. அதன் நீள்வட்டம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். படத்தில் சரியாகத் தெரியவில்லை. புதியதன் துளை இப்போதைக்கு வட்டம். அந்த வண்டி இனிமேல் போகப்போவது கண்காட்சி மைதானங்களுக்கு. அங்கே கயிறு கட்டிய வளையத்துக்குள், ஜனங்கள் கை தட்ட, பெரும்பாலும் ஒரே திசையில் சுற்றிச் சுற்றி வருவார்கள். சில வருஷங்களில் அந்தத் துளையும் ஒரு பக்கமாக நீளத் தொடங்கும்.